பெருமாள்கிட்ட சொல்லிட்டேன்

எங்கள் சம்பந்தியம்மாவுக்கு உடம்பில் ஒரு வலி வந்தால் அது முதலில் பெருமாளுக்குத்தான் தெரியும். பெரும்பாலும் அவரோடு நின்றுவிடும். பெற்ற மகனுக்குத் தெரியாது. மருமகளாகப் போன என் மகளுக்குத் தெரியாது. சித்தூரிலிருந்து எப்போதாவது பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வரும் எனக்கு எங்கே தெரியப்போகிறது?

திருப்பதியில் அவர்கள் குடியிருந்த வீட்டில் சமையலறைச் சுவரில் ஒரு பலகை அடித்திருந்தது. அதன்மேல் பெருமாள் படம், ஒரு காமாட்சி விளக்கு, துளசி போட்ட சின்னச் செம்பு. சம்பந்தியம்மா அந்தப் பலகையின் விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நிற்பார். அடுத்த வீட்டுக்காரரிடம் மதில் ஓரமாக நின்று பேசுகிற மாதிரி இருக்கும். உதடு அசையும், சத்தம் வராது. பேசி முடித்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைக்கப் போய்விடுவார்.

"இன்னா சம்பந்தியம்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டால், "பெருமாள்கிட்ட சொல்லிட்டேன்" என்பார். அதற்குமேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது.

அவரை நான் முதன்முதலாகப் பார்த்தது என் மகளைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு. மகனோடு வந்து பாயில் உட்கார்ந்தார். சிரிக்கவில்லை. கேசரியை ஒரு பக்கமாகவே மென்றார். கன்னம் கொஞ்சம் உப்பலாக இருந்தது. உள்ளே போன என் வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டு, "பையன் தங்கமா இருக்கான். அந்த அம்மாதான் மூஞ்சியத் தூக்கி வெச்சிகினு இருக்குது. நம்ம பொண்ணு அங்க போயி என்னாத்துக்கு ஆவும்?" என்றார். எனக்கும் கலக்கமாகத்தான் இருந்தது. நிச்சயத்துக்குத் தேதி குறித்த பிறகு மாப்பிள்ளை சொல்லித்தான் தெரிந்தது. அன்றைக்கு அவருக்குக் கடைவாய்ப் பல் சீழ் வைத்துத் தாடையே வீங்கியிருந்ததாம். நல்ல காரியத்துக்குப் போகிற இடத்தில் பல் வலி என்று எப்படிச் சொல்வது என்று பேசாமல் வந்திருக்கிறார். தடபுடலாகச் செய்துவைத்த கேசரியை வேண்டாம் என்றால் பெண் வீட்டார் மனசு நோகுமே என்று அதையும் தின்றிருக்கிறார். பிறகு என் வீட்டுக்காரர் அவரைப் பார்க்கும்போதெல்லாம், "சம்பந்தியம்மா, பல்லெல்லாம் சௌக்கியமா?" என்பார். "பல்லு போயே போச்சி, நீங்க இன்னும் அதயே மென்னுகினு இருக்கீங்க" என்று அவரும் விடமாட்டார். வாய் இல்லாதவர் அல்ல. நன்றாகப் பேசுவார், கேலி செய்வார். தன் உடம்பைப் பற்றி மட்டும் பேசமாட்டார்.

பிறந்தது புத்தூர்ப் பக்கம். கரும்பும் வேர்க்கடலையும் போட்ட குடும்பம். ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தோம். முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "கண்ணாலம் ஆன புதுசுல நடவு நேரத்துல ஜொரம் வந்துச்சி. மாமியாருகிட்ட சொன்னேன். ஊரே சேத்துல நிக்குது, உனக்கு மட்டும் ஜொரம் வருதான்னு கேட்டாங்க. மனுசங்ககிட்ட சொன்னா ரெண்டு வேலைங்க. நோவையும் தாங்கணும், அவுங்க பேச்சையும் தாங்கணும். சாமின்னா பேசாம கேட்டுக்குவாரு." சொல்லிவிட்டு ஒரு கல்லை எடுத்துச் சுண்டி எறிந்தார்.

எனக்கும் சாமி நம்பிக்கை உண்டு. விடிந்தால் விளக்கு, வெள்ளிக்கிழமை விரதம், மாதத்தில் ஒரு நாள் காணிப்பாக்கம் பிள்ளையார். எட்டாவதோடு நின்ற படிப்பு. பிழைப்புக்கு வேண்டிய தைரியம் எல்லாம் கோயிலில் வாங்கியதுதான். அதனால் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "எங்க புள்ளையாருகிட்டயும் ஒரு வார்த்தை போட்டு வைங்களேன்" என்று மட்டும் சொல்வேன். "அவுரு உங்க ஆளு, நீங்களே சொல்லுங்க. எங்க ஆளுக்குத் தெரிஞ்சா அவுரு மனசு சங்கடப்படும்" என்று சிரிப்பார்.

இதயத்தில் கோளாறு என்பதும் அப்படித்தான் வெளியே வந்தது. நெஞ்சு திடீர் திடீரென்று தாறுமாறாக அடித்துக்கொள்வதை வெகு காலமாகப் பெருமாளிடம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். பூக்கடைத் தெருவில் கதம்பம் வாங்கிக்கொண்டு நின்றவர் அப்படியே சரிந்துவிட்டார். பூக்காரம்மா தண்ணீர் தெளித்து, ஆட்டோ பிடித்து, பக்கத்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வீட்டுக்குச் சொல்லி அனுப்பினாள். இதயத் துடிப்பு ஒழுங்கில் இல்லை என்றார்கள். மாத்திரைகள் கொடுத்துப் பார்த்தார்கள், அடங்கவில்லை. கடைசியில், தொடை நரம்பு வழியாக மெல்லிய குழாயை விட்டு, இதயத்துக்குள் தப்பும் தவறுமாகத் துடிப்பைக் கிளப்புகிற இடங்களைச் சுட்டு அடக்குவது என்று முடிவாயிற்று.

மாப்பிள்ளைக்கு ஸ்ரீ சிட்டியில் தொழிற்சாலை வேலை, லீவு கிடைப்பது கஷ்டம். என் மகளுக்குக் கைக்குழந்தை. ஆஸ்பத்திரியில் கூட இருக்க நான் போனேன். நல்லபடியாக முடிந்தது. அங்கே ஒரு சின்ன வயசு லேடி டாக்டர். தெலுங்குக்காரப் பெண், தமிழ் பேச வரும். வீட்டுக்கு அனுப்பும் நாளில் கட்டில் ஓரமாக வந்து உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார்.

"அம்மா, உள்ள சூடு வெச்ச இடம் ஆறணும். குண்டெ, அதான் இதயம், அதைச் சுத்தி ஒரு பை மாதிரி மெல்லிசா ஒறை இருக்கு. சில பேருக்கு அது அழற்சி ஆயி, வீங்கி வலிக்கும். அதுல தண்ணி கூடக் கோத்துக்கும். அப்டி வராம இருக்கத்தான் இந்தச் சின்ன மாத்திரை. கால் வெரல் வீங்கறவங்களுக்குக் கொடுப்பாங்களே, அதே மாத்திரைதான். கொஞ்ச நாளைக்கு மட்டும். இதுல சில பேருக்கு வயிறு இளகும். அப்டி ஆனா நீங்களா நிறுத்தாதீங்க, ஒரு போன் பண்ணுங்க, அளவைக் குறைக்கலாம். ரத்தம் உறையாம இருக்கற மாத்திரைய எக்காரணம் கொண்டும் விடக் கூடாது."

பிறகு என் பக்கம் திரும்பினார். "நெஞ்சு வலி வந்தா கவனிங்க. படுத்தா ஜாஸ்தி ஆகும், மூச்சு இழுத்தா குத்தும், முன்னால குனிஞ்சு உக்காந்தா குறையும். அப்டி இருந்தா ஒடனே கூட்டிட்டு வரணும். தலை சுத்தினாலும், மூச்சு வாங்கினாலும் அதே மாதிரிதான். அம்மா, இப்போ எலா உந்தி? எப்டி இருக்கு?"

"பரவால்லம்மா," என்றார் சம்பந்தியம்மா. எதிர்ச் சுவரில் ஆஸ்பத்திரிக்காரர்கள் மாட்டியிருந்த பெருமாள் படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நான் அன்றைக்கே சித்தூர் திரும்பிவிட்டேன்.

அது புரட்டாசி மாதம். அந்தச் சனிக்கிழமை அவர்கள் வீட்டில் தளிகை. வருஷா வருஷம் நான் போவது வழக்கம். காலையிலேயே பஸ் ஏறினேன். புத்தலப்பட்டு தாண்டியதும் மஞ்சள் துணி கட்டிய நடைக்கூட்டம் ரோட்டோரமாகப் போய்க்கொண்டிருந்தது. நான் பஸ்ஸுக்குள்ளேயே கை கூப்பிக்கொண்டேன்.

வீட்டில் கூட்டம் நெருக்கியடித்தது. பலகையிலிருந்த படத்தைக் கூடத்தில் இறக்கி வைத்து, பெரிய நாமம் போட்டு, முன்னால் வாழை இலையில் சர்க்கரைப் பொங்கல், புளியோதரை, வடை, சுண்டல், நடுவில் மாவிளக்கு. சமைத்ததெல்லாம் என் மகள்தான். இடுப்பில் குழந்தை, கையில் கரண்டி. என்னைப் பார்த்ததும், "அத்தை ராத்திரியெல்லாம் படுக்கவே இல்லம்மா, சாமி முன்னாடியே குனிஞ்சு உக்காந்திருந்தாங்க. எழுந்திருங்கன்னா கேக்கல" என்றாள். அதைப் பெருமையாகத்தான் சொன்னாள்.

சம்பந்தியம்மா படத்துக்கு எதிரில் தரையில் சப்பணம் போட்டு, மடியில் ஒரு தலையணை, அதன்மேல் முழங்கைகள், நெற்றி கிட்டத்தட்ட மாவிளக்கைத் தொடும்படி குனிந்து இருந்தார். பக்கத்து வீட்டு அம்மாள் என் காதோரம், "காத்தாலருந்து இப்பிடியேதான். ஆப்பரேசன் பண்ண ஒடம்பு, நம்மால முடியுமா? பக்தின்னா இதாங்க" என்றாள். எனக்கும் கண் கலங்கியது. நானும் விழுந்து கும்பிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கற்பூரம் ஏற்றினார்கள். மாப்பிள்ளை "கோவிந்தா" என்றார். எல்லோரும் "கோவிந்தா" என்றோம்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். சம்பந்தியம்மா போடுகிற கோவிந்தா அந்தத் தெருவுக்கே தெரியும். அடிவயிற்றிலிருந்து எடுத்து இழுத்து முடிக்கும்போது தெருமுனை இஸ்திரிக் கடைக்காரர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிடுவார். அன்றைக்கு அந்தக் குரலைக் காணோம். அவர் பக்கத்தில்தான் இருந்தேன். "கோவி..." என்று ஆரம்பித்தார், நின்றார். ஒரு துண்டு மூச்சு எடுத்தார். "...ந்தா" என்று காற்று மட்டும் வந்தது. தீர்த்தம் வாங்க நிமிர்ந்தவரின் முகம் சுண்டிக்கொண்டது. மறுபடி தலையணைமேல் கவிழ்ந்ததும் முகம் விட்டது.

டாக்டரம்மா கட்டில் ஓரம் உட்கார்ந்து சொன்னது எனக்கு ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. கையிலிருந்த தீர்த்தத்தைக் குடித்தேனா கீழே விட்டேனா, தெரியாது.

"சம்பந்தியம்மா, நெஞ்சு வலிக்குதா?"

"ஒண்ணுமில்லிங்க. பொங்கல் ஆறுது, எல்லாருக்கும் எல போடச் சொல்லுங்க."

"வலிக்குதா இல்லியா?"

"பெருமாள்கிட்ட சொல்லிட்டேன்."

"அப்ப காணிப்பாக்கம் புள்ளையாருமேல சத்தியமா வலி இல்லன்னு சொல்லுங்க, நான் போயி எல போடறேன்."

எங்கள் பக்கத்தில் அந்தப் பிள்ளையார்மேல் யாரும் பொய்ச் சத்தியம் செய்வதில்லை. கோர்ட்டில் தீராத வழக்கைக்கூட அவர் குளத்தில் முழுகவைத்துத் தீர்ப்பார்கள். சம்பந்தியம்மா சத்தியம் செய்யவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தார். நல்ல நாளில் இப்படி வம்பு பண்ணுகிறாயே என்கிற பார்வை.

சுற்றி நின்றவர்கள் எங்களையே பார்த்தார்கள். அத்தனை பேர் முன்னால் கேட்டால் அவர் சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரிந்தது. மாப்பிள்ளையிடம் கண்ணைக் காட்டினேன். அவர் எல்லோரையும் வாசல் பக்கம் அழைத்துப்போய்விட்டார். நான் சம்பந்தியம்மாவை ஒட்டி, படத்தைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன்.

"எனக்குச் சொல்ல வேணாங்க. அவுருகிட்டயே இன்னொரு தரம் சொல்லுங்க. வாய்விட்டுச் சொல்லுங்க. நான் சும்மா பக்கத்துல உக்காந்துகினு இருக்கேன்."

"அவருக்குத்தான் தெரியுமே."

"தெரிஞ்சா இன்னா? தெனம் நீங்க போடற கோவிந்தாகூடத்தான் அவருக்குத் தெரியும். போடாமயா இருக்கீங்க?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் படத்தின் பாதத்தைப் பார்த்தபடி, நான் அங்கே இல்லாத மாதிரி, பேச ஆரம்பித்தார்.

"சாமி, படுத்தா குத்துது. குனிஞ்சாத்தான் விடுது. மூச்சு முழுசா எடுக்க முடில. வந்த மறுநாளே வயித்தால போவ ஆரம்பிச்சிச்சி, அந்தச் சின்ன மாத்திரையாலதான். அந்த ஒடம்போட உனக்குத் தளிகை எப்பிடிப் போடறது? தீட்டு மாதிரி ஆயிடாதா? அதான் அத வுட்டுட்டேன். மத்தத எல்லாம் போட்டுக்கறேன். போன் பண்ணலாம்னா, புள்ள வேலைல இருக்கான். இந்தப் பொண்ணு பாவம், கொழந்தையத் தூக்கிகினு ஒத்தையா அல்லாடறா. எங்கம்மா இருந்தா கூட என்ன இப்பிடிப் பாத்துக்க மாட்டா. அத அவகிட்ட நான் ஒருநாளும் சொன்னதில்ல, உனக்குத் தெரியும்."

கடைசியில் சொன்னது என் மகளைப் பற்றி. கல்யாணமாகி இத்தனை நாளில் அவள் என்னிடம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள், "அத்தைக்கு என்னைப் பிடிச்சிருக்காம்மா?" என்று. கதவுக்குப் பின்னால் குழந்தையோடு நின்றுகொண்டிருந்தாள். இதைக் கேட்டுவிட்டாள் என்பது அவள் மூக்கை உறிஞ்சிய சத்தத்தில் எனக்குத் தெரிந்தது. அழுவதற்கு அது நேரமில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் போடச் சொன்னேன். நான் சொன்னதைக் கேட்ட டாக்டரம்மா இரண்டாவது வார்த்தை பேசவில்லை. "சாப்பிடக் கூட நிக்காதீங்க. ஒடனே வாங்க" என்றார்.

வண்டியில் அவர் முன்சீட்டின் முதுகில் நெற்றியை முட்டுக்கொடுத்துக் குனிந்தே வந்தார். "அத்தன பேரும் துன்னாம ஒக்காந்திருப்பாங்க" என்று ஒரு தடவை. "மாவிளக்கு மலையேறறதுக்குள்ள கெளம்பிட்டோமே" என்று ஒரு தடவை. என் கையை மட்டும் விடவில்லை. அவருடைய விரல்கள் சில்லென்றிருந்தன. பயத்தில் நான் கோவிந்தா கோவிந்தா என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனேன். என் பிள்ளையாரையும் விடவில்லை.

நேராக எக்கோ எடுக்கிற அறைக்குக் கொண்டுபோனார்கள். சின்ன அறை, திரைச்சீலை இழுத்துவிட்ட இருட்டு, ஒரு கட்டில், ஒரு மிஷின். முழுக்கப் படுக்க முடியாததால் முதுகைத் தூக்கி வைத்தார்கள். டாக்டரம்மா விலாவில் பசை தடவி, கருவியை வைத்து அழுத்தி, திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்தத் திரையில் ஒன்றும் புரியவில்லை. அவர் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தபடி மூலையில் நின்றேன்.

"ஒறை அழற்சி ஆயிருக்கு. சுத்தி தண்ணி இருக்கு, ஆனா கொஞ்சம்தான்," என்றார். "ஊசி போட்டு எடுக்கற அளவுக்கு இல்ல. மருந்துலயே வத்திடும். மாத்திரைய விட்டதாலதான் வந்துச்சுன்னும் நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். போட்டுக்கற சில பேருக்கும் வரும். ஆனா வயிறு கெட்டுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அளவை மாத்தியிருப்பேன், வலி ஆரம்பிச்ச அன்னைக்கே பாத்திருப்பேன். ரத்தம் உறையாத மருந்து வேற போகுது உங்களுக்கு. இன்னும் ரெண்டு நாள் இப்படியே உக்காந்திருந்தீங்கன்னா எனக்குப் பயம்தான்."

பிறகு கருவியை எடுக்காமல் சம்பந்தியம்மாவின் முகத்தைப் பார்த்தார். "இப்போ நீங்க சொல்லுங்கம்மா. வலி எவ்வளவு, எங்க, எப்போலேருந்து? மூச்சு எப்டி இருக்கு? அது இந்த மிஷின்ல தெரியாது. நீங்க சொல்றத வெச்சுத்தான் உங்கள எங்க படுக்க வைக்கறது, என்ன மருந்து போடறதுன்னு முடிவு பண்ணணும்."

சம்பந்தியம்மாவின் உதடு 'பரவால்ல' என்று குவிந்ததைப் பார்த்தேன். அப்புறம் அவர் தலையைத் திருப்பி எதிர்ச் சுவரைப் பார்த்தார். அங்கே ஒன்றுமில்லை. பக்கத்துச் சுவரைப் பார்த்தார். வெறும் சுண்ணாம்பு. கதவுக்கு மேலே, மிஷினுக்குப் பின்னால், எல்லா இடமும் கண்ணால் தேடினார். நானும் தேடினேன். டீக்கடையில், பஸ்ஸில், பேங்க் கவுண்டரில், எங்கே திரும்பினாலும் பெருமாள் நிற்கிற ஊர் அது. அந்த ஒரு அறையில் அவர் இல்லை. அவராகவே வெளியே போய் நின்றுகொண்டார் என்றுதான் இன்றைக்கும் நான் நினைக்கிறேன்.

சம்பந்தியம்மா என்னைப் பார்த்தார். நான் டாக்டரம்மா பக்கம் கண்ணைக் காட்டினேன். டாக்டரம்மா அவசரப்படுத்தவில்லை. மிஷினில் அவருடைய இதயத்தின் சத்தம் மட்டும் புசுக் புசுக்கென்று கேட்டது.

"வலிக்குதும்மா," என்றார்.

சொல்லிவிட்டு, தன் விலாவின்மேல் இருந்த டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "இங்க. மூச்சு இழுத்தா கத்தி வெச்ச மாதிரி இருக்குது. தோள்பட்டை வரைக்கும் போவுது. முந்தாநாளு சாயந்திரத்துலருந்து. எழுந்து நின்னா தல சுத்தல. ஆனா பயமா இருக்குதும்மா. செத்துப் போயிடுவனோன்னு ரொம்ப பயமா இருக்குது."

"இன்னும் சொல்லுங்கம்மா," என்றார் டாக்டரம்மா. ஒரு கையை அவரிடமே விட்டுவிட்டு மறு கையால் எழுதிக்கொண்டிருந்தார்.

அவர் சொன்னார். வயிறு இளகியதை, மாத்திரையை விட்டதை, தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை, ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லச் சொல்ல அழுதார். பல் சீழ் வைத்தபோதுகூட அழாதவர், நர்ஸ் கொடுத்த பஞ்சால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அழுதார். அதற்குப் பிறகு அவர் பல வருஷம் நல்லபடியாக இருந்து, பேரனைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், போன தை மாதம்தான் சிரமமில்லாமல் போய்ச் சேர்ந்தார். நினைத்தால் எனக்கு முன்னால் வருவது அந்த இருட்டறையில் அழுத முகம்தான்.

கொஞ்சம் அடங்கியதும் அவருக்கே கூச்சமாகிவிட்டது.

"இவ்ளோ நேரம் ஒக்காந்து கேட்டுகினு இருக்கியேம்மா," என்றார் டாக்டரம்மாவிடம். "உனக்கு வேற வேலை இல்லியா?"

"இதாம்மா என் வேலை."

அது நிஜமா என்று கேட்பதுபோலச் சம்பந்தியம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அவர் முழங்கால் வலியிலிருந்து ஆரம்பித்தார்.